அயல்வீட்டு நரி



தமிழ்க் கவிஞர்கள் கூடியுள்ள அவையில், அதுவும் பத்தாண்டு நிறைவு விழாவில், இலண்டன் மாநகரத் தோட்டங்களில் திரியும் நரியைப் பற்றி ஓர் உரை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. சங்கப் புலவர் வரிசையில் நரிவெரூஉத்தலையார் என்று ஒருவர் இருக்கின்றாரே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது விடையாகாது. வேண்டாத உயிரொன்று வேலிக்கு உள்ளே வந்து தங்கிவிடும்போது மனிதர் அதனை எந்தச் சொல்லால் அழைக்கின்றனர், அச்சொல் அவர்களை என்ன செய்யவைக்கின்றது என்பதே இவ்வுரையின் பொருள். சொல்லைப் பற்றிய கேள்வி கவிஞரிடம் கேட்கவேண்டிய கேள்வியன்றோ?

சனவரி மாத நள்ளிரவில் இலண்டன் புறநகரில் கேட்கும் ஓர் ஒலியிலிருந்து தொடங்கலாம். யாரோ ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பது போன்ற அலறல் அது. புதிதாகக் குடிவந்தவர்கள் நடுங்கிப்போய்க் காவல்துறைக்குத் தொலைபேசி செய்வதும் உண்டு. அலறுவது பெரும்பாலும் பெண் நரி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அவற்றின் இணைசேரும் பருவம். பெண் நரி கருவுறத்தக்க நாட்கள் ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ மூன்றே. அந்த மூன்று நாட்களைத் தவறவிடாதிருக்க எழுப்பும் குரல், கேட்போர் காதில் கொலைக்குரலாக விழுகின்றது.

ஹாரோ என்னும் வடமேற்குப் புறநகரில் ஒரு வீட்டை மனத்தில் கட்டிக்கொள்ளலாம். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும் வீடுகளுள் ஒன்று. முன்னே சிறு முற்றம், பின்னே நீண்ட தோட்டம், தோட்டத்தின் கோடியில் மரக்கொட்டகை. அப்பகுதியில் ஈழத்தமிழர் பலர் வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மகள் குடும்பத்தோடு வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவ்வீட்டில் இருப்பதாகக் கொள்ளலாம். ஆசிரியை கற்பனை, அவருக்கு நேர்வன யாவும் அந்நகரில் நாள்தோறும் நேர்வன. கோடையில் கத்தரியும் மிளகாயும் கீரையும் வைக்கின்றார். குளிர் வந்ததும் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் எடுத்துவிடுகின்றார். நான்கு கோழிகள் வளர்க்கின்றார். வலப்பக்கத்து வீட்டில் ஒரு முதியவர். நரி என்று சொன்னாலே அவருக்குப் பல் கடிபடும். இடப்பக்கத்து வீட்டில் தனித்து வாழும் ஓர் அம்மையார். மாலைதோறும் வாசற்படியில் நரிக்கென்று தட்டில் இறைச்சி வைப்பவர். இருவருக்கும் நடுவே ஆசிரியை.

இந்த நரி எங்கிருந்து வந்தது? காட்டை அழித்தோம், அது நகருக்கு ஓடிவந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். இரக்கம் கலந்த எண்ணமே ஆயினும் இலண்டன் நரிக்கு அது பொருந்தாது. இரு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இலண்டன் நாற்புறமும் பரந்தது. நடுத்தர மக்களுக்கென்று வரிசை வரிசையாக இரட்டை வீடுகள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னே புல்தரை, புதர்வேலி, பழமரம், கொட்டகை. மண்புழு மிகுந்த ஈரப்புல். எலியும் புறாவும் உதிர்ந்த கனியும் மனிதர் எறியும் மிச்சமும். பகலில் ஒளிய மறைவு. வேட்டைநாய் வாராத அமைதி. நரிக்கென்றே ஒருவர் திட்டமிட்டிருந்தாலும் இதனினும் நன்றாக அமைத்திருக்க முடியாது. 1930களில் அது அங்கே நிலைகொள்ளத் தொடங்கியது. இன்று ஆசிரியையின் தோட்டத்தைக் கடக்கும் நரி, நகரில் பிறந்த நரிக்கு நகரில் பிறந்தது. அதன் பாட்டன் பாட்டியும் அங்கேயே பிறந்தவர்கள். வந்தேறி யார் என்று கணக்குப் பார்த்தால் தெருவில் உள்ள வீடுகளுள் பாதி தலைகுனிய நேரும்.

சொல்லுக்கு வரவேண்டும். தமிழில் நரி என்ற அளவில் நம் மனத்தில் எழுவது எது? ஈமக்காட்டில் ஊளையிடும் நரி, பிணந்தின்னும் நரி. திருத்தக்கதேவர் காப்பியம் பாடுமுன் தம் ஆசிரியர்க்குப் பாடிக்காட்டியதாகச் சொல்லப்படும் நரிவிருத்தத்தின் நரி, யானையும் வேடனும் பாம்பும் ஒருங்கே இறந்துகிடக்கக் கண்டு, பல நாளைக்கு உணவாயிற்று என்று மகிழ்ந்து, முதலில் வில்லின் நாணைக் கடித்து, நாண் அறுந்து வில் நிமிர மாய்ந்துபோன பேராசைக்காரன். திருவிளையாடற் புராணத்து நரியோ மாணிக்கவாசகர் பொருட்டுப் பகலில் பரியாகி, இரவில் மீண்டும் நரியாகி, பாண்டியன் இலாயத்தைக் கலங்கடித்த நரி. பேச்சு வழக்கில் நரித்தனம், நரிப்புத்தி. இவற்றுள் ஒன்றேனும் நல்ல பெயரா? ஒன்றுண்டு. காரியம் கைகூடியவனைப் பார்த்து, இன்று நரி முகத்தில் விழித்தாயோ என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உள்ளது. அந்த நல்ல பெயரும் நரிக்கு நன்மையாக முடியவில்லை. சேலம் மாவட்டத்து வாழப்பாடி வட்டாரச் சிற்றூர்களில் பொங்கலையொட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, கயிறு கட்டி, ஊரார் காண ஓடவிட்டுப் பின் விடுவிக்கும் வழக்கம் இருந்துவந்தது. அதன் முகம் கண்டால் ஆண்டு செழிக்கும் என்பது நம்பிக்கை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி வனத்துறை அதனைத் தடுத்துத் தண்டம் விதித்துவருகின்றது.

நம் இலக்கியத்தின் ஊளையிடும் நரியும் இலண்டன் நரியும் ஒன்றல்ல என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். ஈமக்காட்டு நரி நாயின் நெருங்கிய உறவு. உயிரியலார் அதனை நாய், ஓநாய் ஆகியவற்றோடு ஒரே பேரினத்தில் வைப்பர். இலண்டனில் திரிவது செந்நரி. வாழப்பாடி வங்காநரி அதற்கே நெருங்கிய உறவு. செந்நரியின் கண்மணி வெளிச்சத்தில் பூனையின் கண்மணி போலச் செங்குத்துக் கோடாகச் சுருங்கும். கூட்டமாக வேட்டையாடாது, இரவில் தனித்தே இரை தேடும். ஐந்து முதல் ஏழு கிலோ எடைதான் இருக்கும். நன்கு வளர்ந்த வீட்டுப்பூனையைவிடச் சற்றே பெரிது. அடர்ந்த மயிரும் நீண்ட வாலும் அதனைப் பெரிதாகக் காட்டுகின்றன. அச்சமும் தன் பங்கிற்குப் பெரிதாக்குகின்றது.

கதை விலங்கை விழுங்கிவிடுவது தமிழில் மட்டும் நேர்ந்ததன்று. பிரெஞ்சு மொழியில் நரிக்குக் கூப்பில் என்றொரு பழஞ்சொல் இருந்தது. இடைக்காலத்தில் ரெனார் என்னும் பெயர்கொண்ட சூழ்ச்சிக்கார நரியைத் தலைவனாக வைத்துப் பாடிய கதைப்பாடல்கள் நாடெங்கும் பரவின. அவை எந்த அளவுக்குப் பரவின என்றால், கதைத்தலைவனின் பெயரே விலங்கின் பெயராகி, பழஞ்சொல் வழக்கிழந்தது. இன்று ஒரு பிரெஞ்சுக் குழந்தை நரியைக் காட்டி அதன் பெயரைச் சொல்லும்போது, அறியாமலேயே ஒரு கதையைச் சொல்லிவிடுகின்றது. புலவருக்கு இதனினும் பெரிய வெற்றி உண்டோ? நரிக்கு இதனினும் பெரிய இழப்பு உண்டோ?

ஹாரோ வீட்டுக்குத் திரும்பலாம். சனவரியில் அலறிய பெண் நரி, மார்ச்சில் ஆசிரியையின் மரக்கொட்டகைக்கு அடியில் மண்ணைப் பறித்து உள்ளே போய்விட்டது. கருக்காலம் ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று நாள். ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகள். ஆண்டுக்கு ஓர் ஈற்றுதான். பிறக்கும்போது குட்டிகளுக்குக் கண் திறவாது, உடல் செந்நிறமன்று, கரும்பழுப்பு. திறந்த கண் முதலில் நீலமாக இருந்து, நான்கைந்து வாரத்தில் மஞ்சள் கலந்த பழுப்பாக மாறும். முதல் இரண்டு மூன்று வாரம் தாய் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. தந்தை இரை கொண்டுவந்து வளைவாயிலில் வைக்கும். சில குடும்பங்களில் முந்தைய ஆண்டு பிறந்த மகள் தான் ஈனாமல் தாயுடன் தங்கித் தம்பி தங்கையரைப் பேணுவதும் உண்டு. நரித்தனம் என்று நாம் பெயர் வைத்த விலங்கின் இல்லறம் இது.

ஏப்ரல் இறுதியில் குட்டிகள் வெளியே வருகின்றன. தோட்டம் பாழாகத் தொடங்குவதும் அப்போதுதான். புல்தரையில் ஆங்காங்கே குழி. மண்புழுவும் வண்டுப்புழுவும் தேடித் தோண்டியவை. ஆசிரியை மிளகாய் நாற்றுக்கு இட்ட எலும்புத்தூள் உரத்தின் மணம், அங்கே ஏதோ பிணம் புதைந்துள்ளது என்று நரியை ஏமாற்ற, நாற்றோடு பாத்தி முழுதும் கிளறப்பட்டது. நீர்க்குழாய் கடித்துத் துளைக்கப்பட்டது. வெளியே விட்டிருந்த மிதியடிகளுள் இடக்கால் மிதியடி மட்டும் காணாமற்போய், இரண்டு தோட்டம் தள்ளிக் கிழிந்து கிடந்தது. நடைபாதைக் கல்லின் நட்டநடுவே எச்சம். அது அசட்டையன்று, இவ்விடம் எமது என்னும் அறிவிப்பு. ஆசிரியைக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. பேரன் மட்டும் சன்னலுக்கு அப்பால் குட்டிகள் மிதியடிக்காக ஒன்றையொன்று இழுப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மம்மா, அது களவெடுக்கேல்லை, விளையாடுது" என்றான். குழந்தை சொன்னது சரி. மெல்லக்கூடிய தோற்பொருளைக் குட்டிகள் விளையாட்டுக்கே கவர்கின்றன. ஆயினும் மிதியடி போனது போனதுதானே.

அடுத்து நேர்ந்தது மிதியடியோடு ஒப்பிடத்தக்கதன்று. ஒரு மாலை கூட்டின் தாழைச் சரியாகப் போடவில்லை. விடியலில் நான்கு கோழிகளும் செத்துக் கிடந்தன. ஒன்றின் தலை இல்லை. ஒன்று கீரைப்பாத்தியில் பாதி புதைந்திருந்தது. மற்ற இரண்டும் கூட்டுக்குள்ளேயே கிடந்தன. தின்றிருந்தால் மனம் ஆறியிருக்கும், வெறிக்காகக் கொன்றுவிட்டதே என்று ஆசிரியை புலம்பினார். வலப்பக்கத்து முதியவர் வேலியோரம் வந்து நின்று, நான் அப்போதே சொன்னேன் என்னும் பார்வை பார்த்தார். நரி கொலைவெறியன் என்னும் கூற்றுக்கு உலகெங்கும் சான்றாகக் காட்டப்படுவது இந்தக் கோழிக்கூட்டுக் காட்சியே.

இதனை அறிஞர் ஆராய்ந்துள்ளனர். ஹான்ஸ் குரூக் என்பவர் 1972இல் வெளியிட்ட ஆய்வில், இரை தப்பியோடாத நிலை வாய்க்கும்போது ஊனுண்ணிகள் தேவைக்கு மிஞ்சிக் கொல்வதை விளக்கினார். தரையில் கூடுகட்டும் கடற்பறவைகள் இருண்ட இரவில் அசையாது அமர்ந்துவிட, நரிகள் பலவற்றைக் கொன்று விட்டுச்சென்றதை அவர் கண்டார். காட்டில் ஒரு பறவையைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும். ஆகவே பிடிப்பதை நிறுத்து என்று சொல்லும் உள்ளுணர்வு நரிக்குத் தேவைப்படவில்லை. கூடோ பறக்கவிடாது. கொன்றவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வெவ்வேறிடத்தில் புதைத்துவைத்து, உணவில்லாத நாளில் தேடியெடுப்பது நரியின் பழக்கம். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் டேவிட் மெக்டொனால்டு அப்பழக்கத்தை நுணுக்கமாகக் கவனித்து எழுதியுள்ளார். கீரைப்பாத்தியில் பாதி புதைந்த கோழி, தொடங்கி முடிக்கப்படாத அவ்வேலையின் அடையாளம். விடிந்துவிட்டது, அல்லது யாரோ விளக்கைப் போட்டுவிட்டார்கள். வெறி என்று ஆசிரியை கண்டது, நரியின் கணக்கில் குளிர்காலத்துக்கான சேமிப்பு.

இவ்விளக்கம் கோழியை மீட்டுத் தராது. ஒன்றை மட்டும் தெளிவாக்கும். பறக்கவும் ஓடவும் முடியாதபடி அடைத்துவைத்தவர் யாரோ, காக்கும் கடனும் அவருடையதே. இதைச் சொல்வது எளிது. நான்கு கோழிகளுக்கும் பெயர் வைத்திருந்த ஒருவரிடம் சொல்வது எளிதன்று.

கொன்றுவிடலாமே என்பது முதியவரின் வழி. அவ்வழியை இலண்டன் ஏற்கெனவே நடந்து பார்த்திருக்கின்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அரசும், அதன்பின் மாநகரப் பகுதி மன்றங்களும் ஆள் அமர்த்தி நரிகளைப் பிடித்தும் சுட்டும் பார்த்தன. 1980களில் கைவிட்டன. இரக்கத்தினால் மட்டுமன்று, பயனில்லை என்று கண்டதாலும்தான். ஒரு நரி ஓரிடத்தை ஆண்டுகொண்டிருப்பதை அக்கம்பக்கத்து நரிகள் மணத்தால் அறியும். அது இறந்தால் மணம் மங்கும். சில நாளில் அல்லது சில வாரத்தில், இடமில்லாமல் அலையும் இளநரியொன்று வந்து அமர்ந்துகொள்ளும். தாய் போனால், ஈனாதிருந்த மகள் ஈனத் தொடங்கும். முதியவர் ஒன்றைக் கொன்றால் அவருக்குக் கிடைப்பது வேறொன்று. நஞ்சு வைப்பது சட்டப்படி குற்றம். காட்டுப் பாலூட்டிகளை வதைப்பதை 1996ஆம் ஆண்டுச் சட்டமும், பிடிபட்ட விலங்கைத் துன்புறுத்துவதை 2006ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கின்றன. கூண்டில் பிடித்து நாட்டுப்புறத்தில் கொண்டுபோய் விடுவது அருளாகத் தோன்றும். பிற நரிகள் ஆளும் நிலத்தில், இரை எங்கே, ஒளிவிடம் எங்கே என்று அறியாத நகரத்து நரியை இறக்கிவிடுவது அதனைச் சாகவிடுவதற்கு ஒப்பு.

மனிதர் ஆள் வைத்தும் முடியாததை ஓர் உண்ணி முடித்துக்காட்டியது. பிரிஸ்டல் நகரத்து நரிகளை ஸ்டீபன் ஹாரிஸ் என்னும் பேராசிரியரும் அவர்தம் மாணவரும் 1970களின் இறுதி முதல் தெருத்தெருவாக எண்ணிவந்தனர். 1994 வசந்தத்தில் அங்கே சொறிநோய் நுழைந்தது. தோலுக்கடியில் வளை தோண்டும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி; மயிர் உதிர்ந்து, தோல் வெடித்து, கண்மூடிப் பட்டினியால் நரி இறக்கும். இரண்டாண்டுக்குள் அந்நகர நரிகளுள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன. பலர் வெறுத்த விலங்குதான். ஆனால் அதே தோட்டத்து மூலையில், மயிரற்ற உடலோடு வெயிலில் சுருண்டு கிடந்த நரியைக் கண்டபோது கல்லெறிந்தவர்கள் குறைவு. மீண்டும் பெருகப் பல்லாண்டுகள் ஆயின.

அச்சத்தையும் பேசாமல் விட்டால் இவ்வுரை நேர்மையற்றதாகும். 2010 சூன் மாதத்தில் கிழக்கு இலண்டனின் ஹாக்னிப் பகுதியில், மாடியறையில் உறங்கிய கைக்குழந்தைகள் இருவரை நரி கடித்துப் படுகாயப்படுத்தியது. கதவு திறந்திருந்த வெம்மையான இரவு அது. நாடே அதிர்ந்தது. நாய்க்கடிக்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அந்நாட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்படுகின்றனர், நரி மனிதரைக் கடிப்பது மிக மிக அரிது, இவை உண்மையே. ஆயினும் பேரன் உறங்கும் அறையின் சன்னலைக் கோடையிலும் சாத்திவைக்கும் பாட்டியிடம் எண்ணிக்கை பேசிப் பயனில்லை. அவர் சாத்துவதே சரி. நரிக்கும் அது நல்லது.

இனி இடப்பக்கத்து அம்மையார். மனிதர்களுள் இவரை வெறுப்பது கடினம். கணவரை இழந்தவர், மாலையில் வாசற்படிக்கு வந்து நிற்கும் நரிதான் அன்றைய நாளில் அவர் காணும் ஒரே முகமாக இருக்கலாம். அதற்குப் பெயர் வைத்திருக்கின்றார். முதலில் தோட்டத்துக் கோடியில் இருந்த தட்டு, பிறகு படிக்கட்டுக்கு வந்தது; பிறகு கையிலிருந்தே வாங்கத் தொடங்கியது. இங்கேதான் தீங்கு உள்ளது. கைக்கு அஞ்சாத நரி எல்லாக் கைகளுக்கும் அஞ்சாது. அம்மையாரின் கைக்கும் முதியவரின் கைக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. திறந்த கதவெல்லாம் அதற்கு அம்மையாரின் கதவு. மேலும், தட்டு நிறைய இருக்கும்போது மிஞ்சியதை அது புதைக்கப்போகும் இடம் ஆசிரியையின் பாத்தி. நகரத்து நரியின் வாழ்நாள் பெரும்பாலும் இரண்டாண்டைத் தாண்டுவதில்லை. மிகுதியானவை சாலையில் அடிபட்டே சாகின்றன. பெயர் வைத்த நரி திடீரென ஒரு மாலை வாராது. அடுத்த வாரம் வேறொன்று வரும். அதற்கும் அதே பெயர்.

ஒருவர் நரியைத் திருடன் என்றார், கொல்ல நினைத்தார். ஒருவர் பிள்ளை என்றார், ஊட்டி வளர்த்தார். இரண்டு சொல்லும் நரியின்மேல் போர்த்தப்பட்ட மனிதச் சொற்களே. பகைவனுமன்று, உறவுமன்று என்னும் ஒன்றை அழைக்க நம்மிடம் சொல் உண்டா? உண்டு. அயல் என்னும் சொல் தமிழில் அருகு என்னும் பொருளும் தரும். தனக்கு உரியதல்லாதது, பிறிது என்னும் பொருளும் தரும். அயல்வீடு என்றால் பக்கத்து வீடு. அயல்நாடு என்றால் வேற்றுநாடு. ஒரே சொல் எப்படி நெருக்கத்தையும் வேற்றுமையையும் ஒருங்கே ஏற்றது என்று வகுப்பறையில் மாணவர் கேட்பதுண்டு. பக்கத்திலேயே இருப்பவர், ஆனால் நம்மவர் அல்லர். நம்மவர் அல்லர், ஆனால் பக்கத்திலேயே இருப்பவர் என்னும் நிலை எல்லா ஊர்களிலும் உள்ளதுதானே. ஹாரோவில் ஆசிரியையே முதியவருக்கு அயலார். அவர் வைத்த வேப்பிலைக்கும் தாளிக்கும் மணத்துக்கும் முதியவர் முதலில் முகம் சுளித்தவர்தாம். பிறகு வேலிமேல் கத்தரிக்காய் போயிற்று. வேலி வேலியாகவே இருந்தது.

நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பது நம் ஊர்ப் பழமொழி. சகுனம் பார்ப்பவனைக் கேலி செய்ய எழுந்தது. ஆனால் நரியோடு வாழ்வதற்கான நூல்கள் பலவும் பக்கம் பக்கமாகச் சொல்வது ஏறத்தாழ இதுவே. ஆசிரியை செய்தவையும் அவ்வளவே. எலும்புத்தூள் உரத்தை நிறுத்தினார். குப்பையை மூடியுள்ள தொட்டியில் இட்டார். குட்டிகள் கொட்டகையடியில் இருந்தவரை பொறுத்திருந்து, அவை வளையை விட்டகன்றபின் அடிப்புறத்தைச் சுற்றிக் கனத்த கம்பிவலை அடித்து, அதன் விளிம்பை மண்ணுக்குள் வெளிப்புறமாக மடித்துப் புதைத்தார். நரி தோண்டினால் வலைமேல் நகம் படும். புதுக் கோழிக்கூட்டுக்கும் அவ்வாறே. ஆறடி வேலியை நரி ஏறிவிடும் என்பதால் கூரைக்கும் வலையிட்டார். செலவு கொஞ்சமன்று. இரவில் தாழைப் போட்டபின் ஒரு முறைக்கு இரு முறை இழுத்துப் பார்க்கின்றார்.

கவிஞர் அவையாதலின் ஒரு கவிஞரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸ் 1950களின் தொடக்கத்தில் கேம்பிரிட்சில் இலக்கியம் பயின்றார். திறனாய்வுக் கட்டுரை எழுதமுடியாமல் உறங்கிய ஓரிரவில் அவர் கண்ட கனவைப் பின்னாளில் எழுதியுள்ளார். மனித உயரத்தில் நிமிர்ந்து நடந்துவந்த நரியொன்று, உடலெங்கும் தீக்காயத்தோடு அறைக்குள் வந்து, மனிதக் கை போன்றிருந்த தன் காலை அவர் எழுதிய தாளின்மேல் வைத்து, இதை நிறுத்து, எங்களை அழிக்கின்றாய் என்னும் கருத்துப்படப் பேசியதாம். தாளில் குருதித்தடம் பதிந்திருந்தது. அவர் இலக்கியப் படிப்பை விட்டு மானிடவியலுக்கு மாறினார். 1957இல் வந்த அவர்தம் முதல் தொகுப்பில் நரியைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதை உள்ளது. இலக்கியத் திறனாய்வைப் பிழைப்பாகக் கொண்டோர் இக்கனவைச் சற்றுக் கூச்சத்தோடுதான் படிக்கவேண்டியுள்ளது.

அவரே இலண்டன் நரி ஒன்றைப் பற்றியும் எழுதினார். அவர் மறைந்த 1998ஆம் ஆண்டிலேயே வெளிவந்த தொகுப்பில் அக்கவிதை இருக்கின்றது. முதற் குழந்தை பிறந்த புதிதில், சாக் பார்ம் பாலத்தின்மேல் நடந்துவரும் இளந்தந்தை. எதிரே மேலாடைக்குள் நரிக்குட்டியைச் செருகிக்கொண்டு வரும் ஒருவன். விலை ஒரு பவுண்டு. சிற்றறை வீடு, கைக்குழந்தை, மனைவி; இதில் நரிக்கு ஏது இடம் என்று எண்ணி அவர் கடந்துபோய்விடுகின்றார். ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து, மனைவி சில்வியா பிளாத் 1963இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டு நெடுங்காலமான பின், திரும்பிப் பார்க்கையில், அன்று அந்தக் குட்டியை ஏற்கமுடியாத தம் நெஞ்சே இல்லறத்தின் தோல்விக்கும் அடையாளம் என்று அக்கவிதையில் உரைக்கின்றார். பெருங்கவிதை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. அந்தக் குட்டியை அவர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்கு மாதத்தில் சுவரைக் கீறும், மெத்தையைக் கிழிக்கும், அறை முழுதும் அதன் மூத்திர மணம் நிறையும். காட்டுக்கும் உதவாது வீட்டுக்கும் உதவாது முடியும். கவிதைக்கு அவர் மனம் வருந்தியது சரி. நரிக்கு, அவர் வாங்காமல் போனதே நன்மை. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம் என்பதை ஏற்கப் படிப்பவர்க்குச் சற்று நேரம் ஆகும்.

ஹாரோவில் இலையுதிர்காலம் வந்தது. குட்டிகள் வளர்ந்து, தங்களுக்குள் கடித்துச் சண்டையிட்டு, ஒவ்வொன்றாகப் பிரிந்துபோயின. ஒன்று சாலையோரம் கிடந்ததை முதியவர்தாம் முதலில் பார்த்தார். ஒரு சாக்கில் எடுத்து வந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், தம் தோட்டத்து ரோசாச் செடிக்கடியில் புதைத்தார். ஆசிரியை மாடிச் சன்னலிலிருந்து அதைக் கண்டார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறு சனவரியில், நள்ளிரவு கடந்து, மீண்டும் அந்த அலறல் கேட்டது. ஆசிரியை எழுந்து விளக்கைப் போடாமல் சன்னலருகே வந்து நின்றார். உறைபனி படர்ந்த புல்லின்மேல், கோழிக்கூட்டைச் சுற்றி, புதிய காலடித்தடம் ஒரு முழுவட்டம் போட்டு, வேலியைத் தாண்டிப் போயிருந்தது. கூட்டுக்குள் கோழிகள் ஓசையின்றி இருந்தன. வலப்பக்கத்து வீட்டிலும் யாரோ சன்னல் திரையை விலக்கிப் பார்ப்பது தெரிந்தது.